தலைவரும் தலைமைத் திறனும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முற்பகல் அமர்வில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று இவ்வவையின்கண் ஏதேனும் ஒரு பொருள்பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பொருளை யாமே தெரிந்துகொள்ளலாம் என்றும் உரைத்தனர். தமிழாசிரியராகிய எமக்கு, இலக்கியச் சுவை ஒன்றை எடுத்து விரித்துரைத்து, உங்கள் கைத்தட்டலைப் பெற்றுக்கொண்டு அமர்வது எளிய செயலே. ஆயினும், இன்று பிற்பகல் இதே மண்டபத்தில் சங்கத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் நடைபெறவிருக்கின்றது. அதன்பொருட்டு நம்மவர் இரு திறத்தினராய்ப் பிரிந்து நிற்றலை வாயிலில் கட்டியுள்ள பதாகைகளே சொல்லும். சென்ற ஆண்டு, காசோலையில் கையெழுத்திடுதற்கு உரியவர் யார் என்னும் வழக்கினால், ஏழை மாணவர்க்கு நாம் வழங்கும் உதவித்தொகை ஆறு திங்கள் தாழ்ந்ததனை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இந்நிலையில் சுவைப்பேச்சுப் பேசி அமர்தற்கு எம் உள்ளம் ஒருப்படவில்லை. ஆதலின், தலைவராய் இருத்தல் ஒன்று, தலைமைத் திறன் உடையராய் இருத்தல் மற்றொன்று என்னும் வேறுபாட்டினையே இன்றைப் பொருளாகக் கொண்டோம். இரு திறத்தாருள் ஒருவர்க்குச் சார்பாகவோ மற்றவர்க்கு மாறாகவோ பேசுதல் எம் கருத்தன்று. இதனை முதற்கண் தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.

தமிழ் இலக்கணம் பயின்றோர், பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் பகுத்துரைத்தலை அறிவர். யாதொரு காரணமும் நோக்காது முன்னோர் இட்டு வழங்கிய பெயர் இடுகுறி. மண், மரம் போல்வன அவ்வகையின. காரணம்பற்றி வந்த பெயர் காரணப்பெயர். பறத்தலால் பறவை என்றாற்போல. மரம் என்னும் பெயரை மரத்தினின்று எடுத்துவிட்டு வேறொரு பெயரை இடினும் மரத்திற்கு ஒரு குறையும் இல்லை. பறத்தல் ஒழிந்ததாயின், பறவை என்னும் பெயர் பொருளற்றதாகும்.

தலைவர் என்னும் பெயர் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சார்ந்தது? வாக்குச் சீட்டினாலோ, குடிப்பிறப்பினாலோ, நன்கொடையினாலோ ஒருவர்க்கு அப்பெயரை நாம் இடுகின்றோம். இட்ட அளவில் அஃது இடுகுறியே. அவர் செய்யும் செயல் ஒன்றே அதனைக் காரணப்பெயராக்க வல்லது. தலை, உடம்பின் மேலே இருத்தலால்தான் சிறப்புடையது என்று சிலர் கருதுகின்றனர். மேலே இருத்தலே சிறப்பாயின், தலைப்பாகை அதனினும் மேலேயன்றோ இருக்கின்றது? கண்ணும் செவியும் வாயும் தன்பால் உடைமையால், வருவது காண்டல், பிறர் சொல் கேட்டல், வேண்டுவது சொல்லுதல் என்னும் தொழில்களைச் செய்து, கை கால்களை நெறிப்படுத்துதலாலேயே தலை சிறப்புடையதாயிற்று. அத்தொழில்கள் இல்வழி, தலைக்கும் தலைப்பாகைக்கும் வேறுபாடு காண்டல் அரிது.

இனிக் கருத்தளவில் நில்லாது, நாடறிந்த வரலாறு ஒன்றனை நோக்குவோம்.

பீகாரின் வடபகுதியில் சம்பாரண் என்றொரு மாவட்டம் இருந்தது. இப்போது அது கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்துள்ளது. அங்கே வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் கீழிருந்த குடியானவர், தம் நிலத்தில் இருபது கூற்றில் மூன்று கூற்றின்கண் அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்னும் கட்டுப்பாடு நெடுங்காலம் நிலவிற்று. அதனைத் 'தீன்கட்டியா' என்று வழங்கினர். ஜெர்மானியர் செயற்கை நீலச்சாயத்தைச் சந்தைக்குக் கொணர்ந்த பின்னர் அவுரியின் விலை வீழ்ந்தது. அவ்விழப்பை முதலாளிகள் தாம் ஏற்றாரல்லர். அவுரிக் கட்டுப்பாட்டினின்றும் விடுவிப்பதாகச் சொல்லி, வாரத்தை உயர்த்தியும், ரொக்கமாகப் பணம் பெற்றும், அதனைக் குடியானவர் தலைமேல் ஏற்றினர்.

1916ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் லக்னோ நகரில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அதற்கு அக்கிராசனம் வகித்தவர் அம்பிகா சரண் மஜும்தார் என்னும் பெரியார். அவர் நாட்டுக்கு உழைத்தவர். அவரைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும், அவருடைய பெயரை இவ்வவையில் முன்னரே கேட்டறிந்தோர் எத்துணையர் என்று நினைத்துப் பாருங்கள். அம் மகாசபைக்குச் சம்பாரணிலிருந்து ராஜ்குமார் சுக்லா என்னும் குடியானவர் ஒருவர் வந்திருந்தார். பெரும்பதவியோ பெரும்படிப்போ இல்லாதவர். அவுரிக் கொடுமையைத் தாமே பட்டறிந்தவர். தென்னாப்பிரிக்காவினின்றும் 1915ஆம் ஆண்டு தொடக்கத்தில் திரும்பியிருந்த காந்தியடிகளை அவர் அங்கே கண்டு, தம் ஊர்க்கு வருமாறு வேண்டினார். காந்தியடிகளோ, சம்பாரண் என்னும் பெயரையே அதுகாறும் கேட்டறியாதவர். நேரிற் காணாத ஒன்றைப்பற்றித் தாம் கருத்துரைத்தல் இயலாது என்றார். சுக்லா சலித்தாரல்லர். கான்பூர்க்குச் சென்றார், அகமதாபாத்திலுள்ள ஆசிரமத்திற்குச் சென்றார், நாள் குறிக்குமாறு வற்புறுத்தினார், குறித்த நாளில் கல்கத்தாவில் முன்னரே வந்து காத்திருந்து, 1917ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் காந்தியடிகளைத் தம்முடன் புகைவண்டியில் பாட்னாவுக்கு அழைத்தேகினார்.

காந்தியடிகள் சம்பாரணின் தலைநகராகிய மோத்திஹாரியை அடைந்த சின்னாளில், மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு ஆணை பிறந்தது. அவர் அதற்கு இணங்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 18ஆம் நாள் நீதிமன்றத்தில் நின்று, ஆணையை மீறியது உண்மையே என ஒப்புக்கொண்டு, அதற்குரிய தண்டனையை ஏற்க அணியமாயிருப்பதாகக் கூறினார். நீதிபதி தீர்ப்பை ஒத்திவைத்தார். பின்னர் அரசாங்கம் வழக்கையே திரும்பப் பெற்றது. அதன்பின் ஆயிரக்கணக்கான குடியானவரின் வாக்குமூலங்கள் எழுதப்பெற்றன. சொன்னவற்றையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளாமல், ஒவ்வொருவரையும் குறுக்குக் கேள்வி கேட்டுத் தெளிந்த பின்னரே எழுதினர். முதலாளிமாரையும் காந்தியடிகள் நேரிற் கண்டு அவர்தம் கட்சியைக் கேட்டார். அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினராக அமர்த்தப்பெற்றார். மிகையாகப் பெற்ற தொகையில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கைத் திருப்பிக் கொடுக்க முதலாளிமார் இசைந்தனர். 1918ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தால் தீன்கட்டியா ஒழிந்தது.

அன்பர்களே! இவ்வரலாற்றின்கண் தலைமைத் திறன் எங்கெங்கு விளங்கிற்று என்று ஆராய்வோம். காந்தியடிகளிடத்து விளங்கிற்று என்பது வெளிப்படை. அவரை அங்கே கொணர்ந்த சுக்லாவினிடத்தும் அது விளங்கிற்று என்பதனைப் பலர் காண்பதில்லை. தம் குறை தீருமாயின் போதும் என்று ஒருவர் முதலாளியின் வாயிலில் தனியே நின்று கெஞ்சுவர், அஃது இயல்பு. பல்லாயிரவர் குறையைத் தம் குறையாக மேற்கொண்டு, கேட்பார் கேளாதபோதும் விடாது சுமந்து, கேட்கவல்லார் ஒருவர் செவியிற் சேர்க்கும்வரை ஓயாதிருத்தல் தலைமைத் திறன். அவர்க்கு அந்நாளில் ஒருவரும் மாலை சூட்டி மேடையேற்றித் தலைவர் என்று அழைத்தாரல்லர்.

மற்றொன்றும் உண்டு. காந்தியடிகளுக்குத் துணையாக வந்த வழக்கறிஞர்கள் ஒவ்வொருவரும் தத்தமக்கு வேலைக்காரரும் சமையற்காரரும் உடையராய் வந்தனர், தனித்தனியே சமைத்துண்டனர். சிறிது காலத்தில் அவ்வேறுபாடு ஒழிந்து, யாவர்க்கும் ஒரே அடுக்களை என்றாயிற்று. தாம் சிறை சென்றால் நீவிர் யாது செய்வீர் என்று காந்தியடிகள் அவரை வினவினார். தாம் உதவிக்கு வந்தவரேயாதலின் வீடு திரும்புவதே செய்யத்தக்கது என்று முதலில் அவர்கள் எண்ணினர். பின்னர்த் தம்முள் கூடி ஆராய்ந்து, எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் நாட்டுக் குடியானவர்க்காகச் சிறை புக, நாம் இல்லம் புகுதல் தகாது எனத் துணிந்து, தாமும் சிறை செல்ல ஒருப்பட்டனர். அவருள் ஒருவராகிய இராஜேந்திர பிரசாதர், 1950ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசின் முதற் குடியரசுத் தலைவராயினார். தலைமைத் திறன் உடையாரை அறிதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை. அவர் பின்னே எத்துணைப் பேர் நடந்தனர் என்று எண்ணாதீர்கள். அவரோடு பழகிய பின் எத்துணைப் பேர் தாமே நடக்கத் தொடங்கினர் என்று எண்ணுங்கள்.

காந்தியடிகள் காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனராய் இருந்தது ஒரே ஒரு முறைதான்; அது 1924ஆம் ஆண்டு பெல்காமில் நிகழ்ந்தது. 1934ஆம் ஆண்டில் அம்மகாசபையின் உறுப்பினர் என்னும் நிலையினின்றும் விலகினார். எனினும் நாடு அவர் சொல்லையே எதிர்நோக்கியிருந்தது.

அற்றேல், பதவி என்பது ஒன்றுக்கும் பற்றாதது. திறனுடையார் வெளியே நின்றே யாவற்றையும் நடத்தலாம் என்று கொள்ளலாமோ எனின், கூடாது என்பேம். இதற்கும் அம் மகாசபையின் வரலாறே சான்று. 1939ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நடந்த தேர்தலில், காந்தியடிகள் விரும்பிய பட்டாபி சீதாராமையாவை வென்று சுபாஷ் சந்திர போஸ் இரண்டாம் முறையாக அக்கிராசனரானார். பட்டாபியின் தோல்வி தம்முடைய தோல்வியே என்று காந்தியடிகள் வெளிப்படையாகக் கூறினார். அடுத்துத் திரிபுரியில் கூடிய மகாசபை, காரியக் கமிட்டி உறுப்பினரைக் காந்தியடிகளின் விருப்பப்படியே அமைத்தல் வேண்டும் என்று தீர்மானித்தது. காந்தியடிகளோ பெயர்களைக் குறித்துக் கொடுக்க இசையவில்லை. வாக்குப் பெற்று வந்தவர் கமிட்டி அமைக்க இயலாதவராய், அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் பதவியைத் துறந்தார்.

இவ்விருவருள் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுதல் ஈண்டு எம் வேலையன்று. நமக்கு வேண்டுவது இரண்டு பாடங்கள். உடனுழைப்பாரின் நம்பிக்கை இல்லாவிடத்து, முறையாகப் பெற்ற பதவியும் அசையாத தேராய் நின்றுவிடும் என்பது ஒன்று. வெளியே நிற்கும் பெரியார் எத்துணைத் தூயராயினும், உள்ளே அமர்ந்தாரின் கைகள் கட்டுண்டு போமாயின், தாபனம் காயம்படும் என்பது மற்றொன்று. நம் சங்கத்திலும் பதவியை ஏலாது, பதவியிலிருப்பாரையும் இயங்கவிடாது, திண்ணையில் இருந்தபடியே தீர்மானங்களை மாற்றும் பெரியோர் சிலர் உளர். அவர்களுக்கு இதனை வணக்கத்தோடு விண்ணப்பித்துக்கொள்ளுகின்றோம்.

போஸ் அவர்களின் பிற்கால வரலாற்றையும் நோக்குங்கள். பதவி போயிற்று, திறன் போகவில்லை. 1941ஆம் ஆண்டு சனவரியில் காவலைக் கடந்து கல்கத்தாவினின்றும் மறைந்தார். 1943ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சிங்கப்பூரில், முதியவரான ராஷ் பிகாரி போஸ் தம் தலைமைப் பொறுப்பைத் தாமே முன்வந்து அவரிடம் ஒப்புவித்தார். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் கூலி வேலை செய்த நம் தமிழ் மக்கள், ஆடவரும் பெண்டிரும், அவர் படையிற் சேர்ந்தனர். ஈண்டு யாம் இளையவரைக் காட்டிலும் முதியவரையே மிகவும் வியக்கின்றோம். தம்மினும் வல்லார் வந்தபோது இடம்விட்டு எழுதலும் தலைமைத் திறனே. இதனை நம்மவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பெரியோர் வரலாற்றைப் பேசிப் பிறரைக் குறை கூறி முடித்துக்கொள்ளுதல் எளிது. ஆதலின், எம் குறை ஒன்றனையும் இவ்வவையில் வைத்தல் கடன் என்று கருதுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் மாணவர் விடுதியின் காரியதரிசியாக இரண்டு ஆண்டுகள் யாம் இருந்தோம். ஐப்பசி அடைமழையில் ஓரிரவு, விடுதியின் பின்கட்டுச் சுவர் இடிந்து வீழ்ந்தது, ஓடுகள் சரிந்தன, உள்ளே முழங்காலளவு நீர். செய்தி கேட்டு யாம் ஓடிச் சென்றோம். எதிரிலிருந்த சங்க மண்டபத்தைத் திறந்து பிள்ளைகளை அங்கே சேர்க்கலாம் என்று எண்ணினோம். மண்டபத்தின் திறவுகோல் பொக்கிஷதாரிடம் இருந்தது; அவர் வெளியூர் சென்றிருந்தார். பூட்டை உடைத்தற்குத் தலைவரின் இசைவு வேண்டும் என்று விதி இருந்தது. யாம் வாயிலில் நின்றுகொண்டு, கிடைக்காத தொலைபேசியில் அவரை அழைத்துக்கொண்டேயிருந்தோம். ஏறத்தாழ அரைமணி நேரம் இவ்வாறு கழிந்தது.

அதற்குள், விடுதியில் சமைக்கும் அம்மையார், பெரிய பிள்ளைகளை எழுப்பி, ஒவ்வொருவர் தோளிலும் ஒரு சிறுவனை ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கச் செய்து, தெருக்கோடியிலுள்ள கோயில் மண்டபத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். தலைகளை மும்முறை எண்ணினார். ஒருவன் குறைந்தான். தாமே திரும்பிச் சென்று, பெட்டியை விட்டு வர அஞ்சிக் கட்டிலின்மேல் அமர்ந்திருந்த அச்சிறுவனைப் பெட்டியோடு தூக்கி வந்தார். யாம் அம்மண்டபத்தை அடைந்தபோது, மூன்று கல் கூட்டிய அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. எம்மைக் கண்டதும் அவ்வம்மையார், "ஐயா, நனைஞ்சுட்டீங்களே, இந்தத் துண்டால தலையைத் துவட்டுங்க" என்றார். அவர் கூறியது அவ்வளவே.

அவ்வாண்டு அச்சிட்ட சங்கத்தின் அறிக்கையில், காரியதரிசியின் பெருமுயற்சியால் மாணவர் யாவரும் காப்பாற்றப்பெற்றனர் என்று ஒரு வரி வெளிவந்தது. அதனை எழுதியவர் யாம் அல்லேம். ஆயினும், அச்சுக்குச் செல்லுமுன் படித்துத் திருத்தியவர் யாமே. ஒற்றுப்பிழை இரண்டினைத் திருத்தினோம், அவ்வரியைத் திருத்தவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினர், அதனையும் ஏற்றுக்கொண்டோம். காரியதரிசி என்னும் பெயர் அன்றிரவு எம்மிடத்து இடுகுறியாக இருந்தது. அதன் காரணம் முழுவதும் அவ்வம்மையாரிடத்து இருந்தது. அப்பிழையை இன்று இவ்வவையறியத் திருத்துகின்றோம். பத்திராதிபர் அவர்கள் இதனை நம் சங்க இதழிலும் வெளியிட வேண்டுகின்றோம். அவ்வம்மையார் இப்போதும் இம்மண்டபத்தின் பின்புறத்தேதான் இருக்கின்றார். நாம் நண்பகலில் உண்ணவிருக்கும் உணவைச் சமைத்துக்கொண்டிருக்கின்றார்.

இதனாற் பெறப்படுவது யாது? இலக்கண நூலார் காரண இடுகுறி என்று மற்றொரு வகையும் கூறுவர். முள்ளி என்னும் பெயர் முள்ளுடைமையாகிய காரணம்பற்றி வந்தது. ஆயினும் முள்ளுடைய செடிகள் யாவும் அப்பெயரைப் பெறுவதில்லை. அவற்றுள் ஒன்றற்கே அப்பெயர் உரித்தாயிற்று. தலைமையும் அத்தகையதே. திறனுடையார் பலர் நம்மிடை உளர். பெயர் ஒருவர்க்கே கொடுக்கக்கூடும். பெயர் பெறாதார் யாவரும் திறனற்றார் என்று கருதுதலே நம் சமூகத்தைத் தேய்க்கும் நோய். பெயர் பெற்றார், அதனாலேயே திறனும் வந்துவிட்டது என்று கருதுதல் அதனினும் கொடிய நோய். இவ்விரண்டாம் நோய் எம்மைப் பற்றியிருந்தது. அதனாலேயே இவ்வளவு துணிவாகச் சொல்லுகின்றோம்.

ஆதலின், பிற்பகலில் வாக்களிக்கச் செல்லுவோரை யாம் வேண்டிக்கொள்வன சில உள. நிற்கும் இருவருள் எவர்க்கு வேண்டுமாயினும் வாக்களியுங்கள். வாக்களிக்குமுன், இவர் எத்துணைத் தொகை கொடுத்தார், எந்தக் குடும்பத்தார் என்று மட்டும் வினவாதீர்கள். இவரிடம் ஏழை மாணவன் ஒருவன் தயங்காமல் சென்று பேசமுடியுமா? தம் கருத்துக்கு மாறானதை இவர் இறுதிவரை கேட்பாரா? இவர் முன்னர் மேற்கொண்ட பணியில் உடனுழைத்தார் வளர்ந்தனரா, தேய்ந்தனரா? தவறு நேர்ந்தபோது இவர் முன்னே நின்றாரா, பிறரை முன்னே நிறுத்தினாரா? இவற்றை வினவுங்கள். வென்றவர், தோற்றவரின் திறனைத் தேடிச் சென்று சங்கப் பணியில் அமர்த்துக. தோற்றவர், போஸ் அவர்கட்கு இடம்விட்டு எழுந்த அம்முதியவரை நினைந்து, தம் திறனை வீட்டிற் பூட்டிவைக்காது ஈக. உதவித்தொகைக் காசோலை இனி ஒரு நாளேனும் இவ்வழக்கால் தாழாதவாறு, கையெழுத்திடுவோர் இன்னார் என்பதனைத் தேர்தல் முடிந்த இன்று மாலையே தீர்மானித்து எழுதிவிடுக. விடுதிக் குழுவில் ஓர் இடம், விடுதியில் உழைப்பார் ஒருவர்க்கு அளிக்கப்பெறுக. இவ்விறுதித் தீர்மானத்தை யாமே முன்மொழிய எண்ணியுள்ளோம். வழிமொழிவார் ஒருவரேனும் இவ்வவையில் இருப்பர் என்று நம்புகின்றோம்.

இளைஞர்களே! உங்கட்கு ஒரு சொல். பதவி கிடைத்தபின் தொண்டு செய்வோம் என்று காத்திராதீர்கள். சுக்லாவுக்கு எவரும் நியமன ஓலை கொடுக்கவில்லை. அவ்வம்மையார் அன்றிரவு எவர் இசைவையும் வேண்டி நிற்கவில்லை. செய்யவேண்டுவது கண்முன் நிற்கும்போது, அதனைச் செய்தற்கு உரிய பதவி செய்யத் தொடங்குவார் யாவர்க்கும் உண்டு.

 உரை முடிந்தபின் எமக்கு அணிவித்தற்கென மாலை ஒன்று இம்மேசைமேல் வைக்கப்பெற்றிருத்தலைக் காண்கின்றோம். அவைத் தலைவர் அவர்கள் எம்மேல் வைத்த அன்பை மறுப்பேமல்லேம். அம்மாலைக்கு உரியார் சமையற்கட்டில் இருக்கின்றார். அவரை இம்மேடைக்கு அழைத்து வருமாறு வேண்டி, எம் உரையை முடித்துக்கொள்ளுகின்றோம்.

வாழ்க நம் சமூகம்! வளர்க அதன் தொண்டு!